மாப்பிள்ளைக் கட்டம்

காலை ஆறே முக்காலுக்கு ஆழியாறு அணையின் கரையில் நின்றுகொண்டு, "மார்க்கு எப்பங்க வரும்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்ட மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துக் கோகிலவாணி பல்லைக் கடித்தாள். இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. வெயிலே இப்போதுதான் மலைக்கு மேலே தலையை நீட்டுகிறது. தட்டில் மாவே ஊற்றவில்லை, அதற்குள் இட்லி வெந்ததா என்று கேட்கிற கதை.

கோகிலவாணி பொள்ளாச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவள். நிச்சயமான ஜோடிகளைத் தென்னந்தோப்பிலும் தேயிலைச் சரிவிலும் அணையோரத்திலும் நிற்கவைத்து அவுட்டோர் படம் எடுப்பதில் பதினெட்டு வருடப் பழக்கம். நாக்கு கொஞ்சம் நீளம், முன்கோபம் அதைவிட நீளம். ஆனாலும் அவள் எடுக்கிற படத்தில் கல்லுப்பிள்ளையாருக்கும் கன்னம் சிவக்கும் என்று ஊரில் பேச்சு இருந்ததால், திட்டு வாங்கிக்கொண்டாவது அவளிடமே வந்தார்கள்.

எல்லாம் அந்த லென்ஸ் வருகிறவரைக்கும்தான்.

அது வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த காரணம் நல்ல காரணம். ஒரு ஜோடியை ஒரு காலையில் மூவாயிரம் படம் எடுத்தால் தேறுவது நாற்பது. அந்த நாற்பதைப் பொறுக்குவதற்குள் கண் பூத்துப் போகும். இந்த லென்ஸ் முகத்தைப் பார்க்கும்போதே கன்னத்தில் ரத்தம் ஓடுகிற வேகத்தையும், கண்மணி விரிகிறதையும், மூச்சையும் கணக்கெடுத்து, எந்தப் படத்தில் மனசு பொங்கியிருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை மார்க் போட்டுக் கொடுத்துவிடும். கம்பெனிக்காரன் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. ஊர் அதை நாடிக்கண் என்றது. கோகிலவாணியும் சந்தோஷமாகத்தான் வாங்கினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் திரையில் ஓடுகிற எண்ணைப் பார்த்துவிட்டு, "அதைக் கொஞ்சம் காயிதத்துல எழுதிக் குடுங்க" என்றார். அவ்வளவுதான், காட்டுத்தீ. இப்போது ஜாதகத்தில் பத்துப் பொருத்தம், நாடிக்கண்ணில் பதினோராவது பொருத்தம். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயமே முடிந்திருந்தாலும், பொருத்தச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரருக்குக்கூட வரத் தயக்கம். எழுபதுக்குக் குறைந்தால் கல்யாணம் நின்றது. நின்றால் போகட்டும் என்றும் விடமாட்டார்கள். பெண்ணின் மனசில் வேறு எவனோ இருக்கிறான் என்று நாலு ஊருக்குத் தண்டோரா போடுவார்கள். போன வருடம் கோட்டூரில் ஒரு பெண் அறுபத்தெட்டு வாங்கினாள். ஒரு வாரக் காய்ச்சலில் கிடந்து எழுந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வந்திருந்தாள். யார் கேட்டார்கள்? இன்றுவரை அவளைப் பெண் பார்க்க ஒருவரும் அந்த வீதியில் நுழையவில்லை.

இதில் வயிறெரிகிற விஷயம் இன்னொன்று. சீட்டில் இரண்டு கட்டம் உண்டு, பெண் கட்டம், மாப்பிள்ளைக் கட்டம். லென்ஸ் பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பேரையும்தான் அளக்கிறது. ஆனால் மாப்பிள்ளைக் கட்டத்தை நிரப்பச் சொல்லி இந்த நாலு வருடத்தில் ஒரு மனுஷரும் கேட்டதில்லை. "அவனுக்கென்னங்க, ஆம்பளப் பையன்" என்பார்கள். கட்டம் வெள்ளையாகவே போகும். கோகிலவாணியும் அதற்காக வாயைத் திறந்ததில்லை. ஊரையெல்லாம் திட்டுகிற வாய், இதில் மட்டும் மூடியே இருந்தது.

இன்றைய பெண் நிவிஷா. சின்ன உருவம், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். மாப்பிள்ளை கௌசிக், பார்க்க லட்சணமாக, மரியாதையாக, எல்லோருக்கும் இளநீர் சீவிக் கொடுக்கச் சொல்லிப் பரபரத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா சுலோச்சனா, கழுத்து நிறைய நகையும் வாய் நிறையப் பேச்சும். அப்பா வெள்ளியங்கிரி வெள்ளைச் சட்டையில், காரில் சாய்ந்து நின்றுகொண்டு காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வப்போது தொண்டையைச் செருமினார். அவர் செருமும்போதெல்லாம் சுலோச்சனாவின் பேச்சு பாதியில் நின்றது. கோகிலவாணி அதைக் கவனித்தாள், ஆனால் வெளிச்சம் போய்விடுமே என்கிற அவசரத்தில் மறந்தும் போனாள்.

பெண்ணின் அப்பா மாரப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு முறை கேட்டுப் பார்த்தார். "பொண்ணு புடிச்சிருக்குன்னு அவ வாயாலயே சொல்லிட்டாளுங்க. அப்புறமும் எதுக்குங்க சீட்டு?"

"அவ சொன்னா ஆச்சுங்களா? சீட்டு சொல்லோணும்" என்றாள் சுலோச்சனா. மாரப்பன் துண்டை அந்தக் கக்கத்திலிருந்து இந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

முந்தானையைச் சரிசெய்கிற சாக்கில் நிவிஷாவைப் புளியமரத்துக்குப் பின்னால் அழைத்துப்போன கோகிலவாணி, வெட்கப்படுகிற எல்லாப் பெண்களுக்கும் சொல்கிற தொழில் ரகசியத்தைச் சொன்னாள். கண்ணைப் பார்க்கக் கூச்சமாயிருந்தால் காதைப் பார், படத்தில் கண்ணைப் பார்க்கிற மாதிரியே விழும்.

நிவிஷா தலையாட்டிவிட்டுக் கேட்டாள். "அக்கா, இது பொய் சொல்லுங்களா?"

"எது, லென்ஸா? நாலு வருசத்துல என்ர கையில ஒரு நம்பர் மாறினதில்ல. எத்தனையோ பேர் கால்ல விழுந்திருக்கறாங்க. ஒண்ணக் கூட்டினதில்ல, ஒண்ணக் குறைச்சதில்ல."

பெருமையாகத்தான் சொன்னாள். பெண்ணின் முகம் ஏன் அணைந்தது என்று அப்போது புரியவில்லை. பயப்படாதே, எழுபது தாண்டிவிடுவாய் என்று தோளைத் தட்டிக் கூட்டிவந்தாள்.

எடுக்க ஆரம்பித்ததும் எல்லாம் கச்சிதமாக நடந்தது. தண்ணீர் வற்றிய வண்டல் மேட்டில் நிற்கவைத்து எடுத்தாள். தென்னை நிழல் முகத்தில் விழாமல் திருப்பி எடுத்தாள். மாப்பிள்ளையைப் பெண்ணின் கையைப் பிடிக்கச் சொன்னாள். மார்க் ஜிவ்வென்று ஏறியது. எழுபத்தாறு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றி மூன்று. சுலோச்சனா பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்துவிட்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்பது மணிக்கு முடித்தபோது, சிறந்த இருபது படங்களின் சராசரி தொண்ணூற்றி ஐந்து என்று வந்து நின்றது. ஸ்டூடியோவின் சரித்திரத்திலேயே அதிகம். இதற்கு முன்னால் அதிகம் வாங்கியவள் தேன்மொழி, தொண்ணூற்றி நாலு. அந்தப் படம் ஆளுயரத்துக்கு ஸ்டூடியோவின் முன்சுவரில் தொங்குகிறது.

எல்லோரும் டிபன் கேரியரைத் திறந்து உட்கார்ந்தார்கள். கோகிலவாணி மட்டும் மரத்தடியில் மடியில் திரையை வைத்துக்கொண்டு படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மற்றவர்கள் கண்ணிமை கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவள் வளையலைப் பார்ப்பாள். மாமியார்கள் ஆல்பத்தில் முதலில் தேடுவது நகையைத்தான் என்பது அனுபவம்.

வளையலைப் பெரிதாக்கினாள். வளையலுக்குக் கீழே மாப்பிள்ளையின் கட்டைவிரல் இருந்தது. நகம் பெண்ணின் மணிக்கட்டுக்குள் இறங்கியிருந்தது. அழுத்தின இடத்தைச் சுற்றி ரத்தம் ஓடிப்போய்த் தோல் வெளுத்திருந்தது.

அடுத்த படத்தைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். பிறகு வரிசையாக, மார்க்கோடு சேர்த்துப் பார்த்தாள். கை எடுத்திருக்கிற படத்தில் நாற்பத்தொன்று. கை விழுந்த படத்தில் எண்பத்தெட்டு. கை எடுத்தால் முப்பத்தெட்டு. நகம் இறங்கினால் தொண்ணூற்றி ஆறு.

சுவரில் தொங்குகிற தேன்மொழியின் படம் கோகிலவாணிக்கு மனப்பாடம். மாப்பிள்ளையின் கை பின்னங்கழுத்தில், விரல்கள் கூந்தலுக்குள். என்ன ஒரு பிரியம் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். கூந்தலுக்குள் அந்த விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று யார் பார்த்தது?

அந்தத் தேன்மொழி போன மாதம் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அந்தப் படத்தைக் கழற்றிவிடச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குச் சுற்றிவளைத்தாள். வீட்டில் ஏதாவது சண்டை வந்தால் அவள் புருஷன் அந்தச் சீட்டைத்தான் எடுத்து நீட்டுகிறானாம். அம்மா வீட்டுக்குப் போனால் அங்கேயும், தொண்ணூற்றி நாலு வாங்கிவிட்டு இப்போது பிடிக்கவில்லை என்றால் எப்படி என்கிறார்களாம். கோகிலவாணி அன்றைக்கு என்ன சொன்னாள்? ஊரே கண் வைக்கிற படம், அதைப் போய்க் கழற்றச் சொல்கிறாயே, பைத்தியமா நீ என்று சத்தம் போட்டு அனுப்பினாள். சனியன் பிடித்த நாக்கு. செருப்பால் தன்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

எழுந்து போய், புடவையில் கறை இருக்கிறது துடைக்க வேண்டும் என்று நிவிஷாவை மறுபடி மரத்துக்குப் பின்னால் கூட்டிவந்தாள். கையைக் காட்டச் சொன்னாள். பெண் காட்டவில்லை. கோகிலவாணியே பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் நாலு பிறைகள், புதுசாக. அதற்கு மேலே பழசாக மஞ்சள் பூத்த ஒன்று.

"எதுக்கு இது?"

"பல்லுத் தெரியச் சிரிச்சனாமா. அவருக்குப் புடிக்காதுங்க."

"இந்தப் பழசு?"

"கோயில்ல. அவுங்க சித்தப்பாகிட்ட நின்னு பேசினதுக்கு."

கோகிலவாணிக்குக் கண் சிவந்தது. "வேண்டாம்னு உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

நிவிஷா அழவில்லை. அதுதான் இன்னும் கோபமாக வந்தது. "என்னன்னு சொல்லறதுக்கா? குறைஞ்சிருந்தா எவனையோ நெனச்சிட்டிருக்கறேம்பாங்க. இப்பத் தொண்ணூத்தஞ்சு வந்திருக்குது. பயமா இருக்குன்னு நான் சொன்னா, சீட்டு சொல்லுதே உனக்கு ஆசைன்னுதான் சொல்லுவாங்க. என்ர பேச்சு எடுபடுங்களா? நீங்களே சொன்னீங்க, அது பொய் சொல்லாதுன்னு."

லென்ஸ் பொய் சொல்லவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொன்னது. எதற்கு அடித்துக்கொள்கிறது என்று அது எங்கே சொன்னது? அதைச் சொன்னது ஊர். சீட்டை அச்சடித்துக் கொடுத்தது இவள். சீட்டின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள், ஒன்றைக் கூட்டினதில்லை ஒன்றைக் குறைத்ததில்லை என்ற பவிசு வேறு.

நேராகப் போய் அந்தக் கௌசிக்கை நாலு அறை விடலாம் என்றுதான் கால் கிளம்பியது. பாதி தூரத்தில் நின்றாள். அறைந்தால் என்ன ஆகும்? படக்காரிக்குப் பைத்தியம் என்பார்கள், தொண்ணூற்றி ஐந்தை எடுத்துத் தாம்பாளத்தில் வைப்பார்கள், முகூர்த்தம் நடக்கும். இந்த ஊரில் மனுஷி பேச்சு எடுபடாது. இயந்திரத்தின் பேச்சுதான் எடுபடும். அப்படியானால் அதன் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெள்ளியங்கிரி செருமினார். வடையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்த சுலோச்சனா சட்டென்று நிறுத்தினாள்.

கோகிலவாணி முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு மாப்பிள்ளையைப் பெற்றவர்களின் படம் வேண்டும், பெரியவங்க இரண்டு பேரும் ஜோடியாக நில்லுங்கள் என்றாள். சுலோச்சனாவுக்கு ஒரே வெட்கம். இந்த வயதில் எதற்குங்க என்று பட்டுப்புடவையை நீவிக்கொண்டே வந்து நின்றாள். வெள்ளியங்கிரியும் வந்தார். தோளில் கை போடச் சொன்னாள் கோகிலவாணி. அவர் போட்டார். கனமில்லாமல், சும்மா வைத்தார். திரையில் பெண் கட்டத்து எண் ஓடியது.

தொண்ணூற்றி ஏழு.

எட்டிப் பார்த்த மாரப்பன்தான் முதலில் சத்தமாகச் சொன்னார். "அடேயப்பா, முப்பது வருசமாகியும் தொண்ணூத்தேழுங்க சம்பந்தி!" எல்லோரும் சிரித்தார்கள். கௌசிக் கைதட்டினான். வெள்ளியங்கிரிகூடக் கொஞ்சம் சிரித்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்.

சுலோச்சனா சிரிக்கவில்லை. தோளில் கை இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு மெதுவாக நடந்துவந்து கோகிலவாணியின் பக்கத்தில், கல்லின் மேல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து முழங்கிய குரல் அது இல்லை.

"இது என்னத்தைங்க அளக்குது?"

"கன்னத்து ரத்தம். கண்ணு. மூச்சு. நெஞ்சு எத்தனை வேகமா அடிக்குதுன்னு."

"மனசைன்னு சொன்னாங்களே."

"மனசைப் பாக்கறதுக்கு ஏதுங்க லென்ஸு?"

சுலோச்சனா கார் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "பயந்தாலும் இதேதான் வருங்களா?"

"இதேதானுங்க வரும்."

வேண்டுமென்றேதான் செய்தாள் கோகிலவாணி. இந்தம்மாள் முகம் கோணுவதைப் பார்க்க வேண்டும் என்கிற வெறியோடுதான் செய்தாள். இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. முப்பது வருடமாக ஒருத்தி மூடிவைத்திருந்ததை நாலு பேர் நடுவில் திறந்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் நிறுத்தவில்லை. வளையல் படத்தைப் பெரிதாக்கித் திரையை அவள் மடியில் வைத்தாள்.

சுலோச்சனா அதை வெகுநேரம் பார்த்தாள். அந்த விரல் யாருடையது என்று கேட்கவில்லை. அந்த விரலை அவள்தான் பெற்றாள். இந்த வித்தையை அது யாரிடம் கற்றது என்றும் அவளுக்குத் தெரியும். எழுந்துபோய் நிவிஷாவின் கையைப் பிடித்து, வளையலை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி வளையலை இறக்கிவிட்டாள். திரும்பி வந்தாள்.

"பொண்ணு கட்டத்துல ஒண்ணும் குறைக்காதீங்க. குறைச்சா புள்ளையத்தான் நாறடிப்பாங்க" என்றாள். "இன்னொரு கட்டம் இருக்குதுல்லங்க, காலியா. பையன் கட்டம். அதுல இருபதுன்னு போட்டுக் குடுங்க. பொய்யின்னு தெரியும். ஒரே ஒரு பொய்யி, எனக்காவ."

கோகிலவாணி நாலு வருடமாகத் தொடாத பொத்தானைத் தொட்டாள். மாப்பிள்ளைக் கட்டம் நிரம்பியது. அவள் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள்.

"பொய் எதுக்குங்க?" என்றாள். "நெசமே பதினாலுதான்."

பெண்ணின் கையில் நகம் இறங்குகிறபோது அவனுக்கு மூச்சு மாறவில்லை, கண் அசையவில்லை, ரத்தம் ஒரு சொட்டு வேகமாக ஓடவில்லை. வாசலில் கிடக்கிற செருப்பை ஒதுக்கிவைக்கிறவனுக்கு எத்தனை இருக்குமோ அத்தனை. சுலோச்சனா கண்ணை மூடித் திறந்தாள்.

சீட்டு அச்சாகி வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு சுலோச்சனா எல்லோருக்கும் நடுவில் போய் நின்றாள். பெண்ணுக்குத் தொண்ணூற்றி ஐந்து, பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை, பையனுக்குத்தான் பதினாலு, பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, எழுபதுக்குக் குறைந்தால் கல்யாணம் கிடையாது என்பது ஊர் வைத்த சட்டம் என்று வரிசையாகச் சொன்னாள்.

கௌசிக்குக்கு முகம் கறுத்தது. "அம்மா, எனக்குப் புடிச்சிருக்குதும்மா."

"நீ சொன்னா ஆச்சா? சீட்டு சொல்லோணும்."

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். பெண்ணைப் பார்த்தார். நிவிஷா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், காதை இல்லை. அவர் அவளருகில் போய் நின்றுகொண்டார்.

கார் பக்கத்திலிருந்து வெள்ளியங்கிரி செருமினார். ஒரு தடவை. இன்னொரு தடவை, பலமாக.

சுலோச்சனா பேச்சை நிறுத்தவில்லை. நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தை இங்கேயே திருப்பிக் கொடுத்துக்கொள்வோம், சொந்தக்காரர்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன் என்று சொல்லி முடித்தாள். கோகிலவாணி லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். சுலோச்சனாவின் நெஞ்சு எத்தனை வேகமாக அடிக்கிறது என்று இனி யாரும் அளக்க வேண்டியதில்லை.

மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். ஆளுயரப் படம், இறக்குவதற்குள் இடுப்பு ஒடிந்தது. முகம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்துவைத்துவிட்டுத் தேன்மொழிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

அந்தப் பக்கம் எடுத்ததும் குரல் ரகசியமாக வந்தது. "அக்கா, படத்தைக் கழட்டீட்டீங்களா?"

"கழட்டிட்டேன் கண்ணு. இப்பத்தான்." "அன்னைக்கு நீ அதுக்கு மட்டுமா வந்த?"

ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது வேகமாக இருந்தது. கோகிலவாணி அதற்கு எந்த எண்ணும் போடாமல், காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க்கா" என்றாள் தேன்மொழி.